பழவேற்காட்டு முறையும் கல்லூரி ரூட்டும்

கல்லூரி என்னும் ஸ்தாபனம் பாடத்திட்டத்தாலும் வருகைப் பதிவேட்டாலும் பருவத் தேர்வாலுமே நடைபெறுகிறது என்று எண்ணியிருப்பவர்கள், கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குக் காலை வேளையில் ஓடும் மின்சார ரயிலில் பொன்னேரியில் ஏறி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை என்று நிலையந்தோறும் வந்து சேர்ந்துகொள்ளும் மாணவர்களைச் சற்றுக் கவனித்தால் தங்கள் எண்ணத்தைத் திருத்திக்கொள்வார்கள். எந்தப் பெட்டி எந்தக் கல்லூரிக்காரருக்கு, வாசற்படியில் நிற்கும் உரிமை யாருக்கு, பெட்டியின் தகரத்தைத் தட்டித் தாளம் போடுபவர் யார், கானாப் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் யார், மூத்த மாணவரை 'அண்ணா' என்று சொல்லாமல் கடந்துபோன முதலாண்டுப் பையனுக்கு என்ன நேரும் என்பவையெல்லாம் அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி வரையறுக்கப்பட்டிருக்கின்றன. இந்த வரையறைகளை எந்தக் கல்லூரியும் அச்சிட்டுக் கொடுப்பதில்லை; எந்தப் பேராசிரியரும் போதிப்பதில்லை; ஆயினும் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு மாணவனும் அவற்றைப் பாடப் புத்தகத்தைக் காட்டிலும் பிழையறக் கற்றுவிடுகிறான்.

சென்னையில் இதற்கு 'ரூட்' என்று பெயர். ஒரே பஸ் தடத்திலோ ஒரே ரயில் மார்க்கத்திலோ வந்து போகும் ஒரு கல்லூரி மாணவர்கள் தமக்குள் ஒரு கூட்டமாகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு 'ரூட்டு தல' என்று ஒரு தலைவன் வாய்க்கிறான். அவன் படித்து முடித்துப் போகும்போது, அடுத்த ஆண்டுக்காரர்களில் தைரியசாலி என்று பெயரெடுத்த ஒருவன் அந்தப் பட்டத்துக்கு வருகிறான். சந்தா உண்டு, விழா உண்டு, வேற்றுக் கல்லூரிக்காரர்மீது தலைமுறை தலைமுறையாக வரும் பகை உண்டு. பகையின் காரணம் இன்னதென்று இப்போதைய மாணவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது என்பது அந்தப் பகையின் ஆயுளைக் குறைப்பதாகவும் இல்லை. மாநிலக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி போன்ற, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தோன்றித் தமிழ்நாட்டுப் பொதுவாழ்வுக்கு எத்தனையோ பெரியவர்களைத் தந்த பழம்பெரும் கல்லூரிகளின் பெயர்கள், இன்று பத்திரிகைகளில் இந்த ரூட்டுத் தகராறுகளின் பொருட்டே அடிக்கடி அடிபடுகின்றன என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த ரயிலில் பொன்னேரியில் ஏறும் மாணவர்களுள் சிலர், அதற்கு முன்பே ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்தவர்கள். பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களைப் போன்ற வேறு சிலர் சென்னை வரை போகாமல் பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரியிலேயே படிக்கிறார்கள்; ஓரிருவருக்கு அதே பொன்னேரியில் உள்ள மீன்வளக் கல்லூரியிலும் இடம் கிடைத்துவிடுகிறது. தகப்பனார் விடியுமுன் ஏரியிலிருந்து கொண்டுவந்த இறாலைத் தாயார் தரம் பிரித்துக்கொண்டிருக்கையில் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு ஓடி வருகிற இந்தப் பிள்ளைகளின் நிலை விசேஷமானது. எழுதாத சட்டம் என்பது அவர்களுக்குப் புதியதன்று. அவர்கள் பிறந்து வளர்ந்த ஊரே எழுதாத ஒரு சட்டத்தின்மேல்தான் நிற்கிறது. அந்தச் சட்டத்தையும் ரயில் பெட்டியில் அவர்கள் புதிதாகக் கற்கும் சட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மாணவர் கூட்டங்களைப் பற்றி நம் கல்வியாளர்களும் போலீஸாரும் பல ஆண்டுகளாகப் பேசிவரும் பேச்சில் எது விடுபட்டுப் போயிற்று என்பது விளங்கும் என்பதே இக்கட்டுரையாளனின் அபிப்பிராயம்.

பழவேற்காட்டு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உப்பங்கழி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடியில் நம் பங்குக்கு வந்த பகுதி சிறிதே ஆயினும், கடலோடு கலக்கும் முகத்துவாரம் அங்கே இருப்பதால், மீன்பிடித் தொழிலில் அதற்குள்ள மதிப்பு பெரிது. 1613-இல் டச்சுக்காரர் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிச் சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கு அதைத் தலைமையிடமாக வைத்திருந்த கதையை இங்கு வருகிற உல்லாசப் பிரயாணிகள் அறிவார்கள். பூநாரைகளைக் கண்டு போவார்கள். ஆனால் அந்தக் கோட்டையைக் காட்டிலும் கவனிக்கத்தக்க ஓர் அமைப்பு அந்த ஊர்களில் உண்டு. அதைப் 'பாடு' என்று மீனவர்கள் சொல்லுகிறார்கள்.

கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் நீரேற்றத்தோடு ஏரிக்குள் புகுந்து, அங்கே தின்று வளர்ந்து, பருவம் வந்ததும் வற்றத்தோடு முகத்துவாரம் வழியாகக் கடலுக்குத் திரும்புகின்றன. திரும்பும் வழி குறுகியது. அந்த வழியில் கழி நட்டு வலையைக் கட்டி நிற்பவனுக்கு ஒரே இரவில் நல்ல வருமானம். சற்றுத் தள்ளி நிற்பவனுக்கு அதில் பாதி. வெகுதூரத்தில் நிற்பவனுக்கு வலையைக் கழுவிக்கொண்டு வருவதே வேலை. நல்ல இடங்கள் சில; கைகள் பல. இப்படிப்பட்ட இடத்தில் வலிமையுள்ளவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் சிந்தியிருக்கும். முந்தி வந்தவனுக்கு முதலிடம் என்றிருந்தால் யாரும் வீட்டில் படுத்துத் தூங்கியிருக்க முடியாது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களின் முன்னோர் கண்ட வழி வேறு. ஊர்களுக்குள் நாள்முறை வைத்தார்கள். ஊருக்குள் தலைக்கட்டுக் கணக்கெடுத்துச் சீட்டுக் குலுக்கினார்கள். இன்று இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம், நாளை அந்த இடம் அடுத்தவருக்கு என்று முறை சுற்றி வருகிறது. நல்ல இடம் யாருக்கும் நிலையான சொத்தன்று. மோசமான இடம் யாருக்கும் நிலையான தலைவிதியும் அன்று. முறை தவறினவன் ஊர்க்கூட்டத்தில் நிற்க வேண்டும். அங்கே அவன் பேசலாம். குற்றம் உறுதியானால் அபராதம். அபராதத்தையும் மீறினால் தொழிலிலிருந்தும், சில சமயம் நல்லது கெட்டதுகளிலிருந்தும் விலக்கி வைப்பு.

இந்த ஏற்பாடு நம் கரைக்கு மாத்திரம் உரியதன்று. துருக்கி தேசத்தின் அலான்யா என்னும் கடற்கரை ஊரில், ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் தகுதியுள்ள மீனவர்களின் பெயர்ப்பட்டியலைத் தயாரித்து, வலை விரிக்கும் இடங்களுக்குச் சீட்டெடுத்து, ஜனவரி வரை ஒவ்வொருவரும் தினந்தோறும் கிழக்கே ஓர் இடம் நகர்ந்தும், அதன்பின் மேற்கே ஓர் இடம் நகர்ந்தும் தொழில் செய்கிறார்கள் என்பதை எலினார் ஆஸ்ட்ராம் என்ற அமெரிக்கப் பெண்மணி 1990-இல் வெளியிட்ட தம் நூலில் விவரித்தார். பொதுச் சொத்து என்றால் அது பாழாகியே தீரும், ஒவ்வொருவனும் தன்னால் இயன்ற அளவு சுரண்டவே பார்ப்பான் என்று காரெட் ஹார்டின் 1968-இல் எழுதிய கட்டுரை உலகமெங்கும் கல்லூரிகளில் வேதவாக்காகப் போதிக்கப்பட்டு வந்த காலத்தில், மேய்ச்சல் நிலத்தையும் வாய்க்கால் நீரையும் மீன்துறையையும் சாதாரண ஜனங்கள் தாமே விதி செய்து தாமே காத்து வந்திருக்கிறார்கள் என்று உதாரணத்தின்மேல் உதாரணமாக எடுத்துக் காட்டியவர் அவர். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணியும் அவரே. அவர் சொன்னதன் சாரத்தைப் பழவேற்காட்டு மீனவர் ஒருவரிடம் சொன்னால், இதற்கா பரிசு என்று கேட்டாலும் கேட்பார்.

பாடு முறையைப் புகழ்வதோடு நிறுத்திக்கொண்டால் அது பட்சபாதமாகும். அந்த முறையில் பங்குள்ளவர்கள் பட்டினவர் சமூகத்து ஆண்மக்கள் மாத்திரமே. உரிமை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறதே ஒழிய மகளுக்குப் போவதில்லை. அதே ஏரியில் ஜீவனம் செய்யும் தலித் மீனவர்கள் இந்த வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்; அதன் பயனாகப் பூசல்களும் வழக்குகளும் நேர்ந்தன. இருளர்களோ, பனையோலைப் பறியின் வாயைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி ஒவ்வோர் இறாலாகப் பிடித்துப் பறிக்குள் போடுகிறார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. அவர்களுக்குச் சீட்டும் இல்லை, முறையும் இல்லை, கூட்டத்தில் குரலும் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குள் இவ்வளவு நுட்பமாக நீதி வழங்கும் ஒரு சம்பிரதாயம், வெளியே இருப்பவர்களைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் இருக்க முடியும் என்பது எந்தச் சமூகக் கட்டுப்பாட்டைப் பற்றியும் நாம் மறக்கக் கூடாத பாடம். போதாக்குறைக்கு, முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடி அடைபடுகிறது; ஏரி மேடிட்டு வருகிறது; தெற்கே துறைமுகங்களும் ஆலைகளும் பெருகியிருக்கின்றன. பங்கிடும் முறை எவ்வளவு நேர்மையானதாயினும், பங்கிடும் பொருளே சுருங்கும்போது அது தடுமாறத்தான் செய்யும்.

இத்தனை குறைகளையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. பாடு என்பது கிடைத்தற்கரிய ஒரு பொருளைப் பலர் சண்டையின்றி அநுபவிப்பதற்காக ஏற்பட்ட கட்டுப்பாடு. அதன் கடுமைக்கு ஒரு முகாந்தரம் இருக்கிறது. அதன் தண்டனைக்கு முன் ஒரு விசாரணை இருக்கிறது. அதன் தலைமைக்கு ஒரு கணக்குக் கேட்பு இருக்கிறது. இந்த மூன்றையும் ரயில் பெட்டியில் தேடிப் பார்த்தால் கிடைப்பதில்லை. ரூட்டு தல எதைப் பங்கிடுகிறான்? இருக்கையையா? அது டிக்கெட்டோ சீசன் பாஸோ வாங்கின எல்லோருக்கும் பொது. பாதுகாப்பையா? அவன் இல்லாவிட்டால் அந்தப் பாதுகாப்புக்கே தேவையிராது. அவன் பங்கிடுவதெல்லாம் 'கெத்து' என்ற ஒன்றைத்தான். அந்தச் சரக்குக்கு ஒரு விசித்திர சுபாவம் உண்டு: வேறொருவனுக்குக் குறைந்தாலொழிய நமக்குப் பெருகாது. எனவே அது எவ்வளவு பங்கிட்டாலும் சமாதானத்தைத் தராது. ஊரிடமிருந்து நம் மாணவர் கூட்டங்கள் கடன் வாங்கிக்கொண்டது தண்டனையை மட்டுமே. தண்டனைக்கு நியாயம் தந்த முறையையும் சீட்டையும் கூட்டத்தையும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

அதன் விளைவை நாம் கண்டுவிட்டோம். 2019 ஜூனில், விடுமுறை முடிந்து கல்லூரிகள் திறந்ததும் நடந்த 'பஸ் டே' கொண்டாட்டத்தில், கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்த மாணவர்கள் திடீரென்று பிரேக் போட்டதும் கொத்தாக முன்னால் சரிந்து சாலையில் விழுந்த காட்சியைத் தேசமே பார்த்தது. கோர்ட்டு பல ஆண்டுகளுக்கு முன்பே தடுத்திருந்த கொண்டாட்டம் அது. அடுத்த மாதமே அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் மாணவர்கள் பட்டாக்கத்தியோடு துரத்திக்கொண்டார்கள். 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவர், சென்னை சென்ட்ரல் நிலையத்தருகே வேற்றுக் கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டு, சில நாட்களில் உயிர் நீத்தார். அவருக்கும் தாக்கியவர்களுக்கும் சொந்தப் பகை ஏதுமில்லை; எந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு அவர் சொல்லக்கூடிய விடை ஒன்றே பகைக்குப் போதுமானதாயிருந்தது.

இந்த இடத்தில் மாணவர்களின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிற பையன், நகரத்தில் யாரையும் அறியாதவன், ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் பாதி புரியாமல் உட்கார்ந்திருப்பவன், உடுப்பாலும் பேச்சாலும் தான் குறைந்தவன் என்று மனத்துக்குள் குன்றிக்கொண்டிருப்பவன், 'நம்ம ரூட்டுடா நீ' என்று தோளில் கை போட்டு அழைக்கும் அண்ணனிடம் அடைக்கலம் புகுவதில் ஆச்சரியம் என்ன? வகுப்பறை கொடுக்கத் தவறிய அந்தஸ்தை ரயில் பெட்டி கொடுக்கிறது. காய்ச்சலில் படுத்தால் பார்க்க வருகிறார்கள்; கட்டணம் கட்டப் பணமில்லையென்றால் கைக்குக் கை சேர்த்துத் தருகிறார்கள்; ஊரில் சாவு என்றால் கூட்டமாக வந்து நிற்கிறார்கள். இந்தப் பரஸ்பர உதவியை அறியாமல் ரூட்டை வெறும் ரௌடிக் கும்பல் என்று எழுதித் தள்ளுகிறவர்கள், அது ஏன் அழியாமல் ஆண்டுதோறும் புதிதாக முளைக்கிறது என்பதற்கு விடை சொல்ல முடியாது. போலீஸார் தலைகளின் பட்டியலெடுத்து நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்குகிறார்கள். அடுத்த ஜூனில் வேறு தலைகள் வந்துவிடுகிறார்கள்.

பெண்களுக்கு ரூட் இல்லை. குப்பத்திலிருந்து கல்லூரிக்கு வரும் பெண் ஊரின் கட்டுப்பாட்டுக்கும் உட்பட வேண்டும், கல்லூரியின் பரிகாசத்துக்கும் உட்பட வேண்டும். யாரோடு பேசினாள், எந்த பஸ்ஸில் திரும்பினாள் என்று ஊர் கணக்கெடுக்கிறது. பாடு முறையில் அவளுக்குப் பங்கு தராத அதே ஊர் அவளுடைய நடத்தையில் மட்டும் தனக்குப் பங்கு உண்டென்று கருதுகிறது. அப்படியிருந்தும், மகளிர் பெட்டியில் அமைதியாக நோட்டைப் புரட்டிக்கொண்டு வரும் அவளே பல வகுப்புகளில் முதலாவதாக நிற்கிறாள் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

ரூட்டின் கட்டுப்பாடு வாசலோடு நின்றுவிடுவதில்லை. வகுப்புக்குள் அது வேறு வேஷத்தில் தொடர்கிறது. பள்ளியின் மேல்நிலை வகுப்பிலேயே 'ஃபர்ஸ்ட் குரூப்' எடுத்தவன் புத்திசாலி, 'ஆர்ட்ஸ் குரூப்' எடுத்தவன் வேறு வழியில்லாதவன் என்று ஒரு வருணப் பாகுபாட்டை நாம் ஏற்படுத்திவிட்டோம். கல்லூரியில் அது விரிகிறது. பி.காம். கிடைத்தவன் நிமிர்ந்து நடக்கிறான். வரலாறோ தமிழோ எடுத்தவனிடம், 'வேறு மேஜர் கிடைக்கவில்லையா' என்று உறவினர்களே அநுதாபத்தோடு விசாரிக்கிறார்கள். பொறியியல் கல்லூரியில் கணினித் துறைக்காரர் சிவில் துறைக்காரரைப் பார்க்கும் பார்வையில் வேலை கிடைக்கும் நாளின் மமதை இப்போதே ஏறியிருக்கிறது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு நடையும் ஒரு பேச்சும் ஒரு கேலியும் ஏற்பட்டுவிடுகின்றன. 1959-இல் கேம்பிரிட்ஜில் சி.பி. ஸ்னோ, விஞ்ஞானிகளும் இலக்கியவாதிகளும் ஒருவரோடொருவர் பேச இயலாத இரண்டு கலாசாரங்களாகப் பிரிந்துவிட்டார்கள் என்று முறையிட்டார். நம்முடைய ஒரு சாதாரண அரசுக் கல்லூரியில் இரண்டென்ன, பதினைந்து கலாசாரங்கள் ஒரே கான்டீனில் தனித்தனி மேஜையில் உட்கார்ந்து டீ குடிக்கின்றன.

வகுப்பின் உட்சட்டங்களை அருகில் நின்று பார்ப்பவர்களுக்கு 'மாஸ் பங்க்' என்பதன் நடைமுறை தெரிந்திருக்கும். இரவு பத்து மணிக்கு வகுப்பின் வாட்ஸாப் குரூப்பில் ஒரு வரி வருகிறது: நாளைக்கு முதல் ஹவர் ஒருவரும் உள்ளே போகக் கூடாது. யார் தீர்மானித்தது, எப்போது கூடினார்கள், எதிர்த்துச் சொல்ல இடமிருந்ததா என்ற கேள்விகள் எழுவதில்லை. கட்டைவிரல் குறிகள் வரிசையாக விழுகின்றன. மறுநாள் இருவர் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலைக்குள் அவர்களுக்குப் 'படிப்ஸ்' என்று பெயர் விழுந்துவிடுகிறது. ரெக்கார்டு நோட்டைக் காட்டுவதற்கு ஆள் இல்லை. செய்முறைத் தேர்வுக்கு வரக்கூடிய கேள்விகள் எல்லோருடைய கைப்பேசிக்கும் போய்ச் சேர்கின்றன, அந்த இருவருடையதைத் தவிர. ஊர்விலக்கு என்பது காலாவதியான கிராமத்து வழக்கம் என்று சமூகவியல் தாளில் எழுதி மதிப்பெண் வாங்குகிற மாணவர்களே அதை மறுநாள் கைப்பேசியில் அநுஷ்டிக்கிறார்கள். தேர்வு மண்டபத்து வாசலில், இரவெல்லாம் கண்விழித்துப் படித்தவனும் 'ஒண்ணுமே படிக்கல மச்சான்' என்று சொல்லியே ஆகவேண்டும் என்பதும் இந்த ஆசாரத்தில் சேர்ந்ததே. உழைப்பு வெட்கப்பட வேண்டிய காரியம் என்று வைத்திருக்கும் சபையில் அறிவு எப்படி வளரும்?

துறைகள் மாணவரின் அறிவை மாத்திரமன்றி நடத்தையையும் உருவாக்குகின்றனவா என்ற கேள்வியை அமெரிக்காவில் சிலர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1981-இல் மார்வெல், ஏம்ஸ் என்ற இரு சமூகவியலாளர்கள், பொதுநிதிக்கு அவரவர் விரும்பும் அளவு கொடுக்கலாம் என்ற ஒரு விளையாட்டை வைத்தபோது, பொருளாதார மாணவர்கள் கொடுத்தது மற்றவர்கள் கொடுத்ததில் பாதியைக்கூட எட்டவில்லை. 1993-இல் ராபர்ட் ஃபிராங்கும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சியில், இருவர் ஒத்துழைத்தால் இருவருக்கும் லாபம், ஒருவன் மட்டும் ஏமாற்றினால் அவனுக்கு அதிக லாபம் என்ற சோதனையில், பொருளாதார மாணவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் ஏமாற்றும் வழியைத் தேர்ந்தார்கள். பிற துறையினரில் அப்படிச் செய்தவர்கள் நாற்பதுக்கும் சற்றுக் குறைவு. படிப்பு அவர்களை அப்படி ஆக்கிற்றா, அப்படிப்பட்டவர்கள்தாம் அந்தப் படிப்புக்குப் போகிறார்களா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எப்படியானாலும், மனிதன் சுயநலமே உருவானவன் என்று மூன்றாண்டுகள் ஒருவனுக்குப் போதித்தால், எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள் என்று நம்பி அவனும் அப்படியே நடக்கத் துணிவது மனித சுபாவத்துக்கு மாறானதன்று.

இங்கேதான் நம்முடைய கல்விமுறையின் விந்தை புலப்படுகிறது. பொன்னேரியிலோ சென்னையிலோ பொருளாதாரம் படிக்கும் பழவேற்காட்டுப் பையன், பொதுச் சொத்தை மனிதர்கள் பாழாக்கியே தீருவார்கள் என்று ஹார்டினைப் படித்துத் தேர்வெழுதுகிறான். அவனுடைய தகப்பனாரோ, இன்று தம்முடைய முறை இல்லை என்பதற்காக, நல்ல வற்றமுள்ள இரவில் வலையைக் கரையில் மடித்து வைத்துவிட்டு வீட்டில் இருக்கிறார். பாடநூல் பொய்யென்று நிரூபிக்கும் சாட்சி தன் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்தப் பையனுக்குச் சொல்ல ஒரு துறையும் இல்லை. தன் ஊரின் அறிவு கல்லூரியின் அறிவில் சேராது என்று அவன் மெல்லக் கற்றுக்கொள்கிறான். கற்றுக்கொண்டவன் ஊரைப் பற்றி வெட்கப்படுகிறான். வெட்கத்தை மறைக்கக் 'கெத்து' தேவைப்படுகிறது. அது ரயில் பெட்டியில் கிடைக்கிறது.

சட்டங்களுக்குக் குறைவில்லை. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்டதைத் தொடர்ந்து, 1997-இல் தமிழ்நாடு ராகிங்கைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றிற்று. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு தேசம் முழுவதற்கும் விதிகளை வகுத்தது. ஆண்டுதோறும் மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கிறார்கள். 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின், நீதிபதி சந்துருவின் குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. இவை வேண்டியவையே. ஆனால் இவையெல்லாம் இன்னது செய்யாதே என்று சொல்லும் விதிகள். இன்னதை நீங்களே சேர்ந்து நடத்துங்கள் என்று மாணவர்களிடம் எதையேனும் ஒப்படைத்தோமா? 2006-இல் லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் ஏற்று, கல்லூரிகளில் மாணவர் தேர்தலை ஒழுங்காக நடத்த வழிகாட்டியது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலானவை அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. தேர்தல் வைத்தால் கலகம் வரும் என்கிறார்கள். தேர்தல் வைக்காமலே வந்திருக்கும் கலகத்துக்கு என்ன சமாதானம் சொல்வார்கள்? தேர்ந்தெடுக்கப்படாத தலைவன் கத்தியால் தலைவனாகிறான். தேர்ந்தெடுக்கப்படுகிறவனோ மறுபடி ஓட்டுக் கேட்க வர வேண்டும்.

செய்யவேண்டியது கடினமானதன்று. விடுதிச் சமையற்கூடத்தின் வரவுசெலவு, நூலகம் திறந்திருக்கும் நேரம், ஆய்வுக்கூடக் கருவிகளின் முறை, உள்விளையாட்டரங்கு, கலைவிழா நிதி, கல்லூரி வாசலுக்கு வரும் பஸ்ஸின் நேரம்பற்றிப் போக்குவரத்துக் கழகத்தோடு பேசும் பொறுப்பு ஆகிய இவை எல்லாம் உண்மையிலேயே குறைவான, உண்மையிலேயே பங்கிடவேண்டிய பொருள்கள். இவற்றை மாணவர் கையில் கொடுத்து, பதவிகளில் சிலவற்றைத் தேர்தலாலும் சிலவற்றைச் சீட்டாலும் நிரப்பி, ஒவ்வோராண்டும் எல்லோர்முன்பும் கணக்குச் சொல்ல வைத்தால், தலைமை என்பதற்கு வேறொரு பொருள் இருப்பதை அவர்கள் கண்டுகொள்வார்கள். சீட்டு என்றதும் சிரிக்க வேண்டியதில்லை; பழவேற்காட்டு மீனவர் அதைத் தம் ஜீவனத்திலேயே வைத்து நம்பியிருக்கிறார்கள். துறைக்கு ஒருவர் என்று சீட்டில் வருகிற குழுவில் இயற்பியல்காரனும் தமிழ்க்காரனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சோற்றுக் கணக்குப் பார்க்கும்போது, மேஜரின் மேட்டிமை தானே இறங்கும். ஊர்க்கூட்டத்தில் இருப்பதைப்போல, குற்றம் சாட்டப்பட்டவன் பேசி முடிக்குமுன் தண்டனை இல்லை என்ற விதி ஒன்றையாவது வகுப்பின் வாட்ஸாப் குரூப் ஏற்க வேண்டும்.

ஊரிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாதது எதுவென்பதிலும் தெளிவு வேண்டும். பாடு முறை வெளியே விட்டவர்களைக் கல்லூரிக் குழுவும் விட்டுவிடுமானால், அந்த முறையின் குறையைமட்டும் நாம் காப்பாற்றியவர்களாவோம். பெண்களுக்கும், தலித் மாணவர்களுக்கும், இருளர் குடும்பங்களிலிருந்து அரிதாக வந்து சேரும் ஓரிரு பிள்ளைகளுக்கும் அந்தச் சீட்டுக் குடத்தில் பெயர் இருந்தாக வேண்டும். அவ்வாறு நடக்குமானால், ஊரிடமிருந்து கல்லூரி கற்றதுபோலக் கல்லூரியிடமிருந்து ஊரும் ஒன்றைக் கற்கும். தலைக்கட்டில் மகளையும் எழுத வேண்டுமென்று கேட்கும் முதல் பெண், அந்தக் கேள்வியைக் கல்லூரிக் குழுவில் ஒரு முறை கேட்டு வென்றவளாகவே இருப்பாள். எழுதாத சட்டமின்றி எந்த மனிதக் கூட்டமும் நடவாது. ஆகையால் அதை ஒழித்துவிடலாம் என்ற கனவை அதிகாரிகள் விட்டுவிட்டு, வரும் கல்வியாண்டிலேயே ஏதேனும் ஓர் அரசுக் கல்லூரியில் பங்கிடத் தகுந்த பொருளையும் பேசத் தகுந்த சபையையும் மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கட்டும். ரூட்டு தலைக்கு எதிராக இதுவரை நாம் நிறுத்திப் பார்த்தது போலீஸ்காரரை மட்டுமே. ஒரு மாணவர் சபையை நிறுத்திப் பார்த்ததில்லை.